நுரையீரல் காசநோய்: குணமாகும் நோய் ஏன் கொல்கிறது?

காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் உலகுக்கு அறிவித்தார். அதைக் கொல்லும் மருந்துகள் கிடைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அம்மருந்துகள் இந்திய அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. இருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 1 கோடியே 8 லட்சம் பேர் புதிதாகக் காசநோய்க்கு ஆளாயினர்; 12.5 லட்சம் பேர் உயிரிழந்தனர். நோயுற்றோரில் நூற்றுக்கு 26 பேர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். 2025ஆம் ஆண்டுக்குள் காசநோயை ஒழிப்போம் என்று ஒன்றிய அரசு அறிவித்த இலக்கு எட்டப்படவில்லை.

எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய இந்நோய், இன்று உரிய காலத்தில் கண்டறிந்தால் ஆறே மாதங்களில் குணமாகும் நோய். அதில் ஒருவர் இறக்கிறார் என்றால், பெரும்பாலும் நோய் கண்டறியப்படத் தாமதமாயிற்று, அல்லது மருந்து இடையில் நின்றது, அல்லது மருந்தைத் தாங்கும் வலு அவர் உடலில் இல்லை என்பதே பொருள். இம்மூன்றும் வறுமையாலும் சாதியாலும் வடிவமைக்கப்படுபவை. ஆகவே இந்நோயைக் கண்டறியும் முறையையும் சிகிச்சையின் ஒவ்வொரு படியையும் அறிந்திருப்பது, சேரிகளிலும் குடியிருப்புகளிலும் பணியாற்றும் செயற்பாட்டாளர்களுக்கு அடிப்படைத் தேவையாகும்.

புதுச்சேரி நகரின் மேற்கில், உழவர்கரை நகராட்சிப் பகுதியில், விழுப்புரம் செல்லும் சாலையில் அமைந்துள்ள மூலக்குளத்தை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோரிமேட்டில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரும் அதே கோரிமேட்டில்தான் இருக்கிறது. நாட்டின் பெரும்பாலான சிற்றூர்களுக்கு வாய்க்காத அண்மை இது. ஆனால் மூலக்குளத்தில் தினக்கூலிக்குச் செல்லும் ஒருவருக்கு மருத்துவமனையின் தொலைவு கிலோமீட்டரில் அளக்கப்படுவதில்லை; இழக்கும் கூலியிலும், வரிசையில் நிற்கும் மணி நேரத்திலும், பிறர் பார்வைக்கு அஞ்சும் அச்சத்திலும் அளக்கப்படுகிறது.

எப்படிப் பரவுகிறது, எப்படிப் பரவாது

நுரையீரல் காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள், காற்றோட்டமற்ற அறையில் நெடுநேரம் மிதக்கின்றன. அவற்றைச் சுவாசிப்பவரின் உடலில் கிருமி குடியேறலாம். அப்படிக் குடியேறியவர் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. தொற்று பெற்றவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. மற்றவர்களிடம் உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியை உறங்கவைத்துவிடுகிறது. ஊட்டக்குறைவு, எச்.ஐ.வி., நீரிழிவு, மது, புகையிலை, கல் உடைக்கும் தொழிலில் நுரையீரலில் படியும் சிலிக்காத் துகள் ஆகியவை அந்த உறக்கத்தைக் கலைக்கின்றன.

தட்டு, குவளை, படுக்கை, துணி, கைகுலுக்கல் ஆகியவற்றின் வழியே இந்நோய் பரவாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டிய தேவை நம் மண்ணில் உண்டு. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறையை எதிர்த்துப் போராடிய மக்களின் வீடுகளிலேயே, காசநோயாளிக்குத் தனிக் குவளையும் தனித் தட்டும் ஒதுக்கப்படுகின்றன. மருத்துவ அறிவியலில் அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. தேவைப்படுவது தனிக் குவளையன்று, திறந்த சன்னல். சிகிச்சையின் முதல் சில வாரங்களில் வாயை மூடி இருமுவது, முகக்கவசம் அணிவது, காற்றோட்டமான இடத்தில் உறங்குவது ஆகியவையே குடும்பத்தைக் காக்கும். சரியான மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே தொற்றுத்தன்மை குறையத் தொடங்குகிறது. இரண்டு வாரங்களில் பெரிதும் அடங்கிவிடுகிறது. ஆக, சிகிச்சை பெறும் நோயாளியைவிட, இன்னும் கண்டறியப்படாத நோயாளியிடமிருந்தே மற்றவர்களுக்கு நோய் பரவும் வாய்ப்பு மிகுதி.

சன்னல் என்பதும் எளிய சொல்லன்று. ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் உறங்கும் வீட்டில் காற்றோட்டம் என்பது குடியிருப்பு உரிமை சார்ந்தது. எந்த நிலத்தில், எவ்வளவு இடத்தில், எந்தத் திசையில் சேரி அமைய வேண்டும் என்று ஊர் வகுத்த விதி, இன்று நுரையீரலில் வந்து நிற்கிறது.

சளியும் வெட்கமும்

காசநோய்க்கு முதன்மைச் சான்று நோயாளியின் சளி. அதைக் கொடுப்பதில்தான் முதல் தயக்கமும் எழுகிறது. இத்தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பேஷ்வாக்களின் ஆட்சியில் புனே நகரில் தீண்டப்படாதோர் தம் எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை, 1936இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் பதிவு செய்துள்ளார். ஒரு மனிதரின் எச்சிலையே தீட்டு என்று அறிவித்த சமூகத்தில், சளிக் குப்பியைக் கையில் ஏந்தி மருத்துவமனை வரிசையில் நிற்பது எல்லோருக்கும் ஒரே அனுபவமாக இருப்பதில்லை. நலவாழ்வுப் பணியாளர் ஒருவர் முகம் சுளித்தாலே, அடுத்த நாள் காலையில் தரவேண்டிய இரண்டாம் மாதிரி வராமற்போகக்கூடும்.

எனவே சளி தரும் முறையைப் பொறுமையாக விளக்குவது சிகிச்சையின் ஒரு பகுதி. எச்சில் வேறு, சளி வேறு. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்கும் கெட்டியான சளியே பயன்படும். ஏறத்தாழ 2 முதல் 5 மில்லி லிட்டர் போதும். பொதுவாக இரண்டு மாதிரிகள் கேட்கப்படுகின்றன: வந்த இடத்தில் உடனே ஒன்று, மறுநாள் காலையில் எழுந்தவுடன் ஒன்று. திறந்தவெளியில், பிறர் அருகில் இல்லாத இடத்தில் சளியை எடுக்க வேண்டும். எச்சில் மட்டும் உள்ள குப்பியிலிருந்து வரும் ‘நோய் இல்லை’ என்ற முடிவை நம்ப முடியாது.

கண்டறிதல்: படிப்படியாக

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலையில் ஏறும் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடை குறைதல், சளியில் இரத்தம், நெஞ்சுவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனை தேவை. எச்.ஐ.வி. உள்ளவருக்கும், காசநோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்பவருக்கும் இரண்டு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. எத்தனை நாள் இருமலாயினும் பரிசோதிக்க வேண்டும்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வு இரண்டு செய்திகளைத் தந்தது. அறிகுறி உள்ளோரில் நூற்றுக்கு 64 பேர் எந்த மருத்துவரையும் நாடவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் சொன்ன காரணம், அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை என்பது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பெரியாத வீட்டில், இருமலைப் பொருட்படுத்தாதிருப்பது கட்டாயத்தின் விளைவு. இரண்டாவது செய்தி: நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தப்பிப் போயிருப்பர். அதாவது, இருமலே இல்லாமலும் காசநோய் இருக்கலாம்.

இன்று பயன்பாட்டில் உள்ள பரிசோதனைகளின் தன்மையை அறிந்துகொள்வது நல்லது.

நுண்ணோக்கிச் சோதனை: சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றிப் பார்ப்பது. ஒரு மில்லி லிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் இதில் தெரியும். நோயின் தொடக்கக் கட்டத்தில் இது பலரைத் தவறவிடுகிறது.

மூலக்கூறு பரிசோதனை: கிருமியின் மரபணுவைத் தேடுவது. ஜீன்எக்ஸ்பர்ட் கருவியை 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. இந்தியாவில் உருவாக்கப்பட்ட ட்ரூநாட் கருவி 2020இல் ஏற்கப்பட்டது. மின்கலத்தில் இயங்குவதால் சிறிய சுகாதார நிலையங்களிலும் அதை வைக்க முடியும். நுண்ணோக்கியில் தெரியாத மிகக் குறைந்த கிருமிகளையும் இவை காட்டும். சில மணி நேரத்தில் முடிவு தெரியும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் சேர்த்தே சொல்லும். முதல் பரிசோதனையே மூலக்கூறு பரிசோதனையாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

வளர்ப்புச் சோதனை: சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. திரவ ஊடகத்தில் 6 வாரங்கள் வரை ஆகலாம். எந்தெந்த மருந்துக்கு எதிர்ப்பு உள்ளது என்பதை முழுமையாக அறிய இது தேவை. ஐசோனியாசிட் எதிர்ப்பை விரைவாக அறிய மரபணுப் பட்டைச் சோதனையும் உண்டு.

நெஞ்சு எக்ஸ்ரே: ஐயத்தை எழுப்பும் கருவி, தனியாக நின்று முடிவு சொல்வதன்று. பழைய காசநோயின் வடுவும் படத்தில் தெரியும். அதைப் புதிய நோயாகக் கருதி மருந்து தொடங்குவதும் தவறு. சளியில் கிருமி தெரியாதபோது, எக்ஸ்ரேயையும் உடல்நிலையையும் கொண்டு மருத்துவர் நோயை உறுதிசெய்வதும் உண்டு. சளி துப்ப இயலாத குழந்தைகளுக்கு, காலையில் வெறும் வயிற்றிலிருந்து எடுக்கும் நீரில் கிருமியைத் தேடுவர்.

இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடிக் காசநோயைச் சொல்வதாக விற்கப்பட்ட பரிசோதனைகளை இந்திய அரசு 2012இல் தடைசெய்தது. அவற்றின் முடிவுகள் நம்பத்தகாதவை. தோலில் ஊசியிட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை, கிருமி உடலில் குடியேறியுள்ளதா என்பதை மட்டுமே காட்டும். நோய் உள்ளதா என்பதைக் காட்டாது.

நடைமுறையில் தாமதம் பெரும்பாலும் மருந்துக்கடையில் தொடங்குகிறது. இருமல் மருந்து ஒரு புட்டி, நுண்ணுயிர்க்கொல்லி நான்கு மாத்திரை என்று வாரங்கள் கழிகின்றன. லீவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியைத் தற்காலிகமாக அடக்கி, நோயை மறைத்துவிடும். நோயாளி தேறியதாக நினைப்பார். கிருமியோ எதிர்ப்பைக் கற்றுக்கொண்டிருக்கும். ‘இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு மருந்துக்கடை வேண்டா, சளிப் பரிசோதனை வேண்டும்’ என்பதை ஒவ்வொரு குடியிருப்பிலும் சொல்ல வேண்டும்.

சிகிச்சை: ஆறு மாதக் கணக்கு

மருந்துக்கு அடங்கும் நுரையீரல் காசநோய்க்குச் சிகிச்சை இரு கட்டங்களாக அமைகிறது. முதல் 2 மாதங்கள் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தம்பியூட்டால் ஆகிய நான்கு மருந்துகள். அடுத்த 4 மாதங்கள் பைரசினமைடு தவிர்த்த மூன்று மருந்துகள். நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். எல்லா மருந்தும் ஒரே கூட்டு மாத்திரையில் அடங்கியுள்ளன. வயது வந்தோருக்கான மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: 25 முதல் 34 கிலோ வரை 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5. எடை ஏறும்போது மாத்திரையின் எண்ணிக்கையும் கூட வேண்டியிருக்கலாம். ஆகவே மாதந்தோறும் எடை பார்ப்பது சடங்கன்று. அளவு சரியாக உள்ளதா என்று அறியும் வழி.

ஏன் நான்கு மருந்து? ஒரே மருந்தைக் கொடுத்தால், கோடிக்கணக்கான கிருமிகளுள் அதற்கு இயல்பாகவே எதிர்ப்புள்ள சில தப்பிப் பிழைத்துப் பெருகும். பல மருந்துகள் ஒன்றாகச் செல்லும்போது ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் மாளும். ஏன் ஆறு மாதம்? விரைவாகப் பெருகும் கிருமிகள் சில வாரங்களில் அழிகின்றன. மெல்ல வளர்பவையும் உறங்குபவையும் அழிய நெடுங்காலம் தேவை. முதல் மாதத்திலேயே காய்ச்சல் நிற்கும், பசி எடுக்கும், வேலைக்குப் போகத் தெம்பு வரும். சிகிச்சை இடையில் நிற்கும் ஆபத்து மிகுந்த கட்டமும் அதுவே. உடல் தேறியது என்பது நோய் தீர்ந்தது என்பதாகாது.

பக்கவிளைவுகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகும். அது இரத்தமன்று, அஞ்ச வேண்டியதில்லை. ஐசோனியாசிட்டால் கைகால் மரத்துப்போகலாம். பைரிடாக்சின் என்னும் வைட்டமின் மாத்திரை அதைத் தடுக்கும். பைரசினமைடு மூட்டுவலி தரலாம். எத்தம்பியூட்டால் பார்வையைப் பாதிக்கலாம். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் வேறுபாடு தெரியாமற்போனாலோ உடனே சொல்ல வேண்டும். கண்ணில் மஞ்சள் படிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ கல்லீரல் பாதிப்பு இருக்கலாம். மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கும். பெண்களுக்கு இதை எவரும் சொல்லாமல் விடுவது வழக்கமாக உள்ளது.

நோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி., நீரிழிவுப் பரிசோதனைகள் செய்யப்பட வேண்டும். சிகிச்சையின் 2ஆம் மாத முடிவிலும் இறுதியிலும் சளியை மீண்டும் பார்க்க வேண்டும். இறுதிச் சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகே ‘குணமானார்’ என்று எழுத இயலும்.

ஏழைகளின் வீட்டில் எழுதப்பட்ட வரலாறு

காசநோய் சிகிச்சையில் உலகம் இன்று பின்பற்றும் முறைக்குச் சென்னையின் ஏழை மக்களும் ஒரு காரணம். ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்பதே வழக்கு. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் நிறுவிய சானடோரியத்தின் பெயர், இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இருக்கிறது. நல்ல காற்று, நல்ல உணவு, நெடிய ஓய்வு ஆகியவை இல்லாமல் நோய் தீராது என்று நம்பினர். அத்தனைப் படுக்கைகள் இந்தியாவில் இல்லை. மூன்றும் ஏழைக்குக் கிட்டாதவை.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை அமைத்தன. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரின் வறிய பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மறு பிரிவுக்கு நெருக்கடியான சொந்த வீட்டில், குறைந்த உணவோடு, அதே மருந்து. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவுமில்லை. பரவ வேண்டியது சிகிச்சைக்கு முன்பே பரவிவிட்டிருந்தது. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. அம்மையமே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இதன் பொருள் பெரியது. ஏழை மருந்து சாப்பிட மாட்டான், அவன் வீடு நோயின் கூடாரம், அவனை அகற்றினால்தான் ஊர் பிழைக்கும் என்ற எண்ணங்களை அந்த நோயாளிகள் பொய்யாக்கினர். விலக்கிவைத்தல் மருத்துவமாகாது என்பது அறிவியலாக நிறுவப்பட்டது.

ஆனால் அதே ஆய்வு ஒரு பிழையான பாடத்துக்கும் இடமளித்தது. குறைந்த உணவோடும் மருந்து வேலை செய்தது என்ற முடிவை, உணவு முக்கியமில்லை என்று ஆட்சியாளர்கள் வாசித்துக்கொண்டனர். மாத்திரை மட்டும் தந்தால் போதும் என்ற கொள்கை பல பத்தாண்டுகள் நீடித்தது.

உணவும் மருந்தே

அந்த வாசிப்பைத் திருத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு அது. 2,800 நோயாளிகளும், அவர்களின் வீடுகளில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரும் அதில் இடம்பெற்றனர். வீட்டாருக்கும் அரிசி, பருப்பு உள்ளிட்ட உணவுப் பொருள்களை ஆறு மாதம் வழங்கிய பிரிவில், புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிடையே, முதல் 2 மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பின் அபாயம் 60 விழுக்காடு அளவுக்குக் குறைவாக இருந்தது.

புதுச்சேரிக்கும் இது புறம்பான செய்தியன்று. ஜிப்மரும் அமெரிக்காவின் பாஸ்டன் மருத்துவ மையமும் இணைந்து புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளின் நோயாளிகளையும் அவர்தம் வீட்டாரையும் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், ஊட்டக்குறைவும் மதுவும் நீரிழிவும் காசநோயுடன் கைகோத்து நிற்பது பதிவாகியுள்ளது. தேசியக் குடும்ப நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டுவது போல், பட்டியலின, பழங்குடி மக்களிடையே ஊட்டக்குறைவு பிற பிரிவினரைவிட மிகுதி. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால், சாதி எவ்வழியே நுரையீரலுக்குள் நுழைகிறது என்பது விளங்கும்.

உணவுக்கென அரசு தரும் நிக்ஷய் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. இது நோயாளியின் வங்கிக் கணக்கில் சேரும். 2022இல் தொடங்கிய ‘நிக்ஷய் மித்ரா’ ஏற்பாட்டில் தனியாரும் நிறுவனங்களும் நோயாளிகளைத் ‘தத்தெடுத்து’ உணவுப் பொட்டலம் தரலாம். பசித்தவருக்கு உணவு வருவது நல்லதே. ஆயினும் கொடையாளர் கிடைத்தால் உணவு, கிடைக்காவிட்டால் இல்லை என்பது உரிமையாகாது. வீட்டார் அனைவருக்கும் பொது விநியோகக் கடை வழியாகப் பருப்பும் எண்ணெயும் முட்டையும் கிடைக்கச் செய்வதே அந்த ஆய்வு காட்டும் வழி.

இறப்பைத் தடுக்கும் மற்றொரு வழியைத் தமிழ்நாடு காட்டியுள்ளது. 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோய் கண்டறிந்தவுடனேயே ஒவ்வொரு நோயாளியிடமும் சில எளிய அளவுகளைப் பார்க்கச் சொல்கிறது: உயரத்துக்கேற்ற எடை மிகக் குறைவா, இரு கால்களிலும் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, இரத்தத்தில் உயிர்வளி 94 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ளதா, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா. அபாயம் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. செயற்பாட்டாளர் எவரும் இக்கேள்விகளை மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

மருந்துக்கு அடங்காத காசநோய்

ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோய்க்கு முன்பு 20 மாதங்கள் வரை சிகிச்சை தேவைப்பட்டது. அதில் தரப்பட்ட ஊசிமருந்துகள் பலரின் செவித்திறனைப் பறித்தன. இன்று பெடாகுயிலின், பிரெட்டோமானிட், லைனசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த, ஊசியில்லாத ஆறு மாதச் சிகிச்சைக்கு இந்திய அரசு 2024இல் ஒப்புதல் அளித்துள்ளது.

இம்மருந்துகள் மக்களுக்குக் கிடைத்ததன் பின்னே நோயாளிகளின் போராட்டம் உண்டு. பெடாகுயிலின் மீதான தன் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் முயன்றபோது, காசநோயிலிருந்து மீண்ட, ஊசிமருந்தால் செவித்திறனை இழந்த இரு பெண்கள் அதை எதிர்த்தனர்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலே. 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மலிவான மருந்து உற்பத்திக்கு அது வழி திறந்தது.

மருந்து எதிர்ப்புக்கு நோயாளியின் அலட்சியமே காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் 2024 மார்ச்சில் நாட்டின் பல பகுதிகளில் காசநோய் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. உள்ளூரில் வாங்கிக்கொள்ளுமாறு மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு கடிதம் எழுத நேர்ந்தது. மருந்து இடையில் நின்றதற்கான பொறுப்பு எப்போதும் நோயாளியுடையது அன்று.

குடும்பத்தைக் காத்தல்

ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானால், வீட்டில் உள்ள அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்புச் சிகிச்சை உண்டு: நாள்தோறும் ஐசோனியாசிட் 6 மாதம், அல்லது வாரம் ஒருமுறை ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் 12 வாரம். நோய் உள்ளவருக்குத் தவறுதலாக இச்சிகிச்சையைத் தந்தால் எதிர்ப்பு உருவாகும். எனவே முதலில் பரிசோதனை, பிறகே தடுப்பு மருந்து.

பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி, குழந்தைகளை மூளைக்காசம் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து காக்கிறது. ஆனால் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதைச் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி நடந்த மாபெரும் ஆய்வு காட்டியது. தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் இருமலைத் தள்ளிப்போடக் கூடாது.

சட்டமும் செயலும்

தீண்டாமையின் பெயரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மருத்துவமனைக்குள்ளோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குள்ளோ பட்டியலினத்தவரை நுழையவிடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் தண்டனைக்குரியது. தனியார் மருத்துவர் உட்பட எவர் காசநோயைக் கண்டறிந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் நடைமுறையில் உள்ள விதி. தனியாரிடம் சென்ற நோயாளியும் அரசின் இலவச மருந்துக்கும் உதவித்தொகைக்கும் உரியவரே.

மாணவர்களும் இயக்கத் தோழர்களும் செய்யக்கூடியவை பல. இரண்டு வாரம் இருமுபவரைச் சளிப் பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்லலாம்; தனியே போகத் தயங்குபவருக்குத் துணையே பாதி மருந்து. பரிசோதனை முடிவு வந்ததா, மருந்து தொடங்கியதா, உதவித்தொகை கணக்கில் சேர்ந்ததா என்று கேட்கலாம். மருந்து இருப்பு, மூலக்கூறு பரிசோதனைக் கருவிகளின் எண்ணிக்கை, காசநோய் இறப்புகள் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். காசநோய் இறப்புக் கணக்கைச் சாதிவாரியாகவும் தொழில்வாரியாகவும் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைக்கலாம். துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் கல் உடைக்கும் தொழிலாளர்களுக்கும் ஆண்டுதோறும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென வலியுறுத்தலாம். ஆனால் எங்கும் நோயாளியின் பெயரையும் வீட்டையும் அவர் இசைவின்றி வெளியிடக் கூடாது. ஏற்கெனவே விலக்கப்பட்டவரை மீண்டும் ஒருமுறை விலக்குவதாக நம் பணி ஆகிவிடலாகாது.

கிருமிக்குச் சாதி தெரியாது என்பது உண்மை. அது யாருடைய வீட்டில் நெடுநேரம் காற்றில் தங்குகிறது, யாருடைய உடலில் எளிதாக விழித்துக்கொள்கிறது, யாருடைய இருமல் கடைசியாகக் கேட்கப்படுகிறது என்பவற்றைச் சமூகம் தீர்மானிக்கிறது. மருந்து கிருமியைக் கொல்லும். அந்த மருந்து உரிய நாளில், உரிய அளவில், உணவோடும் மரியாதையோடும் மூலக்குளத்தின் கடைசி வீட்டுக்கும் போய்ச் சேர்வதை உறுதிசெய்வது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.